பிரிக்காத தந்தி

உறையூர் அழகர்சாமி வெல்டிங் வேலைக்காரன். கம்பெனி செலவில் பாய்லர் வேலை பழக, 1962 கடைசியில் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரத்துக்குப் போனான். போய் இறங்கிய நாளிலிருந்து குளிர் எலும்பைத் தின்றதே தவிர, கூட வந்த ரெங்கராஜ் ஆசை காட்டிய பனி மட்டும் கண்ணில் படவில்லை.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் தெருவையே காணோம். எங்கும் வெள்ளை. டிராம் ஓடவில்லை, தொழிற்சாலைக்கு லீவு. இருவரும் தடதடவென்று படியிறங்கி ஓடும்போது விடுதிக்காரம்மாள் அழகர்சாமியிடம் ஒரு தந்தியை நீட்டினாள்.

"ஊர்லேருந்தா? பிரிச்சுப் பாருப்பா," என்றான் ரெங்கராஜ்.

"பொங்கல் வாழ்த்தா இருக்கும். அப்புறம் பாத்துக்கலாம், வா."

வாழ்த்துச் சொல்ல யாரும் கடல் தாண்டித் தந்தி அடிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். பிரித்தால் அந்த நாள் போய்விடும் என்றும் தெரியும். கோட்டின் உள்பையில் செருகிக்கொண்டான்.

முழங்கால் வரை புதையப் புதைய நடந்தார்கள். உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து மேட்டிலிருந்து பலகையில் சறுக்கினார்கள். அழகர்சாமி பனியை உருட்டி ரெங்கராஜின் சட்டைக்குள் போட்டான். அள்ளித் தின்றும் பார்த்தான். முப்பத்திரண்டு வயதுவரை அவன் அப்படி விழுந்து விழுந்து சிரித்ததேயில்லை. பொழுது சாய்ந்து, நனைந்த கோட்டைக் காயப்போடும்போதுதான் தந்தியைப் பிரித்தான்.

மனைவி சந்திரம்மாள் அனுப்பியிருந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரையால் கால்விரல்கள் அழுகிவிட்டன, எடுக்க வேண்டும், மகன் சொல்லாமல் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள், உடனே பதில் தேவை.

தந்தி ஆபீசுக்கு ஓடினான். பூட்டியிருந்தது. மறுநாள் காலையில்தான் பதில் அடிக்க முடிந்தது.

ஆடி மாதம் ஊர் திரும்பினான். அம்மா ராக்கம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை.

"ஒரு நாள் முந்தி பதில் வந்திருந்தா விரலோட போயிருக்கும்னாரு டாக்டரு," என்று சொல்லிவிட்டு சந்திரம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அவன் என்னடி பண்ணுவான்? ஊரே பனியில மூடிக் கெடந்துச்சுன்னு ரெங்கராஜு அவன் வீட்டுக்குக் கடுதாசி போட்டிருந்தானே. தந்தி எப்படி வந்து சேரும்? அப்படித்தானேப்பா?"

"ஆமாம்மா," என்றான் அழகர்சாமி.

அந்த ஒரு சொல் அவனைத் தின்றது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதையே பெருமையாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். ஒரு நாள் எதிர்வீட்டுக் காளியாயியிடம், "எம்புள்ள இடுப்பளவு பனியில நடந்து போயி எனக்குத் தந்தி அடிச்சான்," என்று அவள் சொன்னபோது அவன் சைக்கிளைத் தொடவில்லை. காளியாயி போகும்வரை காத்திருந்தான்.

"அம்மா, தந்தி காலையிலேயே வந்துருச்சு. நான்தான் பிரிக்கல. பனியில விளையாடப் போயிட்டேன்."

ராக்கம்மாள் அவனையே பார்த்தாள். "அம்புட்டு நல்லாவா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல இனி வாய் வரவில்லை. ஆமென்று தலையை ஆட்டினான்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் வழக்கம்போல அவனுக்குச் சோறு போடச் சொன்னாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். பனியைப் பற்றி மட்டும் அதன்பிறகு யாரிடமும் பேசவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அழகர்சாமிக்கு இருந்தது.