பின் இடப்பக்க ஷட்டர்

கார்க் கதவின் உள்பலகையைக் கழற்றிக் குப்புறப் போட்டு, அதன் மேல் ஸ்குரூக்களைப் பரப்பி வைத்திருப்பார் சிவபாதசுந்தரம். கண்ணாடி சரிந்துவிடாமல் கதவின் தலையில் டேப் ஒட்டியிருக்கும். கையைக் கதவுக்குள் முழங்கைவரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேபிளைத் தடவுவார். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் எங்கள் தொடர்மாடியின் கார்த் தரிப்பிடத்தில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் போயா விடுமுறை என்றால் இதுதான் காட்சி. பக்கத்துத் தரிப்பிடம் என்னுடையது. என் காரை எடுப்பதற்கு முதலில் அவருடைய ஸ்குரூக்களிடம் உத்தரவு கேட்க வேண்டும்.

வயது எழுபதை நெருங்குகிறது. கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கார், வயது போன ஜப்பான் கார். அதன் கண்ணாடிகள் சுவிட்சை அமத்தினால் ஏறி இறங்கும் பவர் ஷட்டர்கள். கடற்காற்றில் சுவிட்சுக்குள் பச்சை பிடிக்கும், மோட்டர் இறுகும், இந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் உள்ள தொல்லைதான். மற்றவர்கள் காரைக் கராஜ் பாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர் கொடுக்கமாட்டார். “பாஸ்மாரிட்டக் குடுத்தா நாளைக்கு வா, நாளண்டைக்கு வா எண்டுவாங்கள். ஷட்டர் விசயத்தில நாளைக்கு எண்ட கதை இருக்கக்கூடாது, ஐசே.” கொடுமை என்னவென்றால், அநேகமான போயாக்களில் அந்த ஷட்டருக்கு ஒரு குறையும் இராது. எங்கள் காவலாளி அவருக்கு ஷட்டர் மஹத்தயா, அதாவது ஷட்டர் ஐயா, என்று பெயர் வைத்து எத்தனையோ வருடமாகிறது.

அவருடைய காரில் ஒருமுறை ஏறியவர்கள் மறுமுறை ஏற யோசிப்பார்கள். தூரத்தில் ஒரு ட்ராபிக் பொலிஸின் வெள்ளைத் தொப்பி தெரிந்தால் போதும். நான்கு ஷட்டரும் இறங்கும், கூரை லைட் எரியும், அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் போய் ஒட்டிக்கொள்ளும். மழையா வெயிலா என்ற யோசனையெல்லாம் கிடையாது. கல்கிசையில் ஒரு கலியாணத்துக்கு எங்களையும் ஏற்றிக்கொண்டு போன அன்று அடைமழை. என் மனைவி அகீலாவின் புதுச்சேலை பிழிந்து காயப்போடும் அளவுக்கு நனைந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். “கேக்க முதல் இறக்கிப்போடோணும்” என்றார். அந்தப் பொலிஸ்காரர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்றைக்கு எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு 2019இல் போயிற்று. ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு சோதனைச்சாவடிகள் திரும்பி வந்தன. இந்தமுறை பெயரைக் கேட்டு ஓரங்கட்டப்பட்டவர்கள் நாங்கள். என் பெயர் ஜவாத். அந்தக் கிழமையே சிவபாதம் அண்ணன், நான் கேளாமலே, என் காரின் நான்கு கதவுகளின் உள்பலகைகளையும் கழற்றிப் போட்டு ஷட்டர்களைச் சரிபார்த்தார். அகீலா கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. வேலை முடிந்ததும் எனக்கு ஒழுங்கு சொல்லித் தந்தார்: லைட்டைப் போடு, ஷட்டரை இறக்கு, கை இரண்டும் வெளியே தெரியட்டும். “சொல்லாமல் இறங்கக்கூடாது, ஐசே. என்ன நடந்தாலும் சீட்டை விட்டு எழும்பக்கூடாது.” இந்த நாட்டில் ஒரு சனம் இன்னொரு சனத்துக்குக் கொடுக்கிற சீதனம் இதுதான் போலும்.

ஏன் இப்படி என்று அவர் சொன்னதில்லை. அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்காதான் ஒருநாள் அகீலாவிடம் சொல்லி அழுதார். யுத்தத்தின் கடைசிக் காலம். பின் இடப்பக்க ஷட்டரின் மோட்டர் செத்துப்போயிற்று. சிவபாதம் அண்ணன் கண்ணாடியைக் கையால் உயர்த்தி, விழாமல் இருக்க ஒரு பலகைத் துண்டை இறுக்கிவிட்டார். அப்போது கொழும்பில் எத்தனையோ கார்கள் அப்படித்தான் ஓடின. வாற போயாவுக்குச் செய்வம் என்று விட்டுவிட்டார். அந்தப் போயா வர முதல் ஒரு மாலை, பம்பலப்பிட்டியில் டியூஷன் முடிந்த மகன் அபிஷனை ஏற்றிக்கொண்டு மூவரும் வரும்போது சாவடியில் ஆமிக்காரர் மறித்தார்கள். மூன்று கண்ணாடிகள் இறங்கின. நான்காவது இறங்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்தவன் மீசை அரும்பிய பெடியன், அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

கண்ணாடியில் துவக்கால் தட்டினார்கள். அவன் கதவுப் பிடிக்குக் கையைக் கொண்டுபோனான். அவ்வளவுதான், இழுத்து எடுத்துவிட்டார்கள். நாகேஸ்வரி அக்கா இறங்கி ஓடிப்போய் மகனின் சட்டையைப் பிடித்தாராம். பொத்தான்தான் கையோடு வந்ததாம். பெடியன் பல நாள் கழித்துத் திரும்பி வந்தான். என்ன நடந்தது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. கனடாவுக்குப் போன பிறகு தாயோடு மட்டும்தான் போனில் கதைப்பான். அப்பா பக்கத்தில நிக்கிறார், குடுக்கட்டே என்று தாய் கேட்டால், வேலைக்கு நேரமாகிவிட்டது என்பான்.

ஆக, ஒரு பலகைத் துண்டால் மகனைத் தொலைத்தேன் என்பது மனுசனின் தீர்மானம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவர் அதைப் போயாவுக்குப் போயா தவறாமல் செய்துகொண்டிருந்தார்.

இந்த வருடம் அபிஷன் வருகிறான் என்று செய்தி வந்தது. போனபின் முதல் தடவை. சிவபாதம் அண்ணனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்: மகன் அந்தக் காரில் அதே இடத்தில் இருந்து சுவிட்சை அமத்த வேண்டும், கண்ணாடி இறங்க வேண்டும். பழைய கார்ச்சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி வேறொரு மோட்டர் கொண்டுவந்தார். ரப்பரை மாற்றினார். கண்ணாடி ஓடும் பள்ளத்தைப் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் இருத்தி, “மகன் மாதிரி இருந்து அமத்தும் பாப்பம்” என்றார். அமத்தினேன். சத்தமில்லாமல் இறங்கியது. அவர் வெளியே குனிந்து நின்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அவன் வந்தான், வாடகை வானில். ஹெவ்லொக் டவுனில் சிநேகிதன் வீட்டில் தங்கினான். தாயைப் பார்க்க வந்த நேரமெல்லாம் அதே வான்தான். லிப்டுக்குப் போவதென்றால் தகப்பனுடைய காரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனான். தகப்பனோடு பேசாமல் இல்லை. பிரஷர் எப்படி, மருந்து எடுக்கிறீர்களா என்று டொக்டர் கேட்பதுபோலக் கேட்டான். காரில் ஒரு சுற்றுப் போவோமா என்று தகப்பன் தாயை விட்டுக் கேட்பித்தார். நேரமில்லை என்றான். சிவபாதம் அண்ணன் காரைக் கழுவினார். அடுத்த நாளும் கழுவினார்.

பயணம் போகிற அன்று காலை தாயிடம் விடைபெற்றுக் கீழே வந்தான். தாய் கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள் பொதியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். வான் கேற்றடியில் நின்றது. இஸ்திரி போட்ட சட்டையோடு, காரின் பின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி தகப்பன் நின்றார்.

“தம்பி, நீ ஏற வேண்டாம். ஒருக்கா அமத்திப் பார். இப்ப இறங்கும்.”

“என்னத்தை, அப்பா?”

“உன்ர பக்கத்து ஷட்டர். அண்டைக்கு இறங்காதது. என்னிலதான் பிழை, போயாவுக்குச் செய்வம் எண்டு விட்டிட்டன்.”

அபிஷன் கதவைப் பார்த்தான். யோசித்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது. கோபமே இல்லாத குரலில்தான் சொன்னான்.

“எனக்கு ஷட்டர் ஒண்டும் ஞாபகம் இல்லை, அப்பா. அம்மா இறங்கி ஓடி வந்தவ. நீங்கள் இறங்கேல்லை. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குப் பாத்தபடி இருந்தனீங்கள்.”

என் கையிலிருந்த பொதியை வாங்கிக்கொண்டு, தகப்பனின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போய் வானில் ஏறினான். அகீலா சொன்ன கதையில் தாய் ஓடினார், மகன் போனான். தகப்பன் எங்கே இருந்தார் என்று நாங்கள் இருவருமே கேட்டுப் பார்த்ததில்லை.

வான் காலி வீதிப் பக்கம் திரும்பும்வரை அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அதைச் சாத்திவிட்டு, முன்சீட்டில் போய் ஏறினார். கூரை லைட் எரிந்தது. நான்கு ஷட்டரும் ஒன்றாக இறங்கின. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில். நான் என் காருக்குள் எதையோ தேடுகிறவன்போல நின்றேன். அவர் கனநேரம் முன்னே இருந்த சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். இறங்கி, அந்த வயதுக்கு முடிந்த ஓட்டமாகக் காரைச் சுற்றி ஓடி, பின் இடப்பக்க ஷட்டருக்கு முன்னால் வந்து, யாருமில்லாத சீட்டுக்குள் கையை நீட்டினார்.