எனக்காகக் கதைக்க வேண்டாம்

பசளிக்கீரைப் பாத்தியை மேயர் கிண்டிக்கொண்டிருந்தது. மேயர் என்பது என்னுடைய நாய். பகல் முழுவதும் கேற்றடியில் படுத்து, ஒழுங்கையில் நடக்கும் எல்லா வேலைகளையும் மேற்பார்வை செய்து, தான் ஒன்றும் செய்யாமல் இருப்பதால் கிடைத்த பெயர். என் கையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. "எழும்படா அங்கால" என்று கத்த வாயைத் திறந்தேன். "தாம்பாளம்" என்று வந்தது.

திரும்பவும் முயன்றேன். "தாம்பாளம், தாம்பாளம்." மேயர் தலையை நிமிர்த்திப் பார்த்தது. தன் வாழ்நாளில் நான் சொன்ன எதையும் அது இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

பின் விறாந்தையிலிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் பரமேஸ்வரி அக்கா. பக்கத்து வீட்டில் ஒரு பூனையோடு தனியாக இருக்கும், ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். மற்றவர் ஹமீத் நானா. புடவைக் கடையை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு மாளிகாவத்தை மாடிவீட்டில் இருப்பவர். அங்கே ஒரு பிடி மண் கிடையாது. ஆகவே அவருடைய, கறிக்கு வாசத்துக்குப் போடும் ரம்பையும் மிளகாய்க் கன்றுகளும் வெள்ளவத்தையில் என் பின்வளவில், பழைய பெயின்ற் வாளிகளுக்குள், கடற்காற்றின் உப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. காலையில் பஸ் பிடித்து வந்து அவற்றைப் பார்ப்பார். அக்கா மதிலுக்கு மேலால் பால் விடாத பிளேன்ரீ நீட்டுவார். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. நான் ஐம்பதைத் தாண்டியவன். ஆகவே எங்கள் மூவரில் நான்தான் இளந்தாரி. காஸ் சிலிண்டர் தூக்குவது என் பொறுப்பு.

"என்ன தம்பி, காலமையே பகிடி விடுறீர்?" என்றார் அக்கா.

ஞாயிறு இதழில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு இடைஞ்சல் உண்டு. அவனுக்குப் பக்கவாதம் வந்தால் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். குழாய் என் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள். நான் பசளிக்கு மேலே தொப்பென்று இருந்துவிட்ட பிறகுதான் நானா எழுந்தார்.

"டீச்சர், வாய் ஒரு பக்கமா கோணி ஈக்கிது. இது பகிடி இல்ல."

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் ஒருவருக்கு, வாய் கோணி, கை சோர்ந்து, சொல் மாறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரீயைக் குடித்து முடிக்கலாம் என்று இருக்க வேண்டாம். அந்தக் கோப்பை எவ்வளவு மூளையைக் கொண்டுபோகும் என்று யாருக்கும் தெரியாது.

யுத்தம் தொடங்கியதிலிருந்து எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் இருக்கிறது. தமிழர்கள் சிலர் சேர்ந்து வெளியே போனால், சிங்களம் நன்றாக வருகிறவர் எல்லாருக்காகவும் கதைப்பார். மற்றவர்கள் அடையாள அட்டையை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். ஒழுங்கைக்கு நான்தான் வாய். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வீசாவுக்காகக் காத்திருந்த எத்தனையோ பேருக்கு, காலி வீதிச் சோதனைச் சாவடியில் என் வாயை இலவசமாக வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

அன்று அந்த வாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அக்கா தனியாக வந்தார். நானாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர் வீட்டைப் பூட்டவும் நாயைக் கட்டவும் நின்றுவிட்டார். சாவடியில் ஆட்டோவை மறித்தார்கள். அக்கா "ஸ்ட்ரோக், ஸ்ட்ரோக்" என்றார். கணக்கு ரீச்சரின் சிங்களம் அதற்கு மேல் போகவில்லை. அப்போதுதான் நான் பேசினேன்.

"மம வெள்ளவத்தே இன்னே. வெடட யனவா."

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன். சுத்தமான உச்சரிப்பு. இடக்கை தானாகவே சட்டைப் பையில் அட்டையைத் தேடியது. வேலைக்குப் போகிறவரை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று சிப்பாய் அக்காவைக் கேட்டார். அக்காவுக்கு வேர்த்துவிட்டது. நான் இன்னொரு தடவை, இன்னும் மரியாதையாக, வேலைக்குப் போவதாகத் தெரிவித்தேன். சிப்பாய் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற வாகனங்களை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டார்.

வார்ட்டில் தமிழ் டொக்டர் ஒருவர் பெயரைக் கேட்டார். என் பெயர் எனக்குத் தெரியும். அது நெஞ்சுக்குள் விளக்குப் போட்டதுபோல் தெளிவாக நின்றது. வாய் வெள்ளவத்தையில் இருப்பதாக அறிவித்தது.

மூளையின் இடது பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது என்றார் அவர். வலது பக்கச் சோர்வு அதனால் வந்தது. கதைக்க முடியாமல் இருப்பதற்கு 'அஃபேசியா' என்று பெயர் (மூளையின் சொற்பகுதி பழுதடைந்து சொல் எட்டாமற்போவது. அறிவு மழுங்குவது அல்ல. அந்த இரண்டாம் வசனத்தை உறவினர்களுக்கு உரத்துச் சொல்லுங்கள்). பலதடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனங்கள் மட்டும் சிலருக்குத் தப்பிவிடுமாம். எண்ணுவது, தேவாரம், வசவு.

என்னிடம் தப்பியவற்றைக் கணக்கெடுத்தோம். ஒன்று முதல் பத்து வரை. மேயரைத் திட்டும் ஒரு சொல், அது அச்சில் போட முடியாதது. மூன்றாவது, சாவடிச் சிங்களம். இருபது வருடமாகத் தமிழில் எழுதிப் பிழைத்தவனிடம் மூளை விட்டுவைத்த சொத்து இவ்வளவுதான். மற்றத் தமிழர் நாக்குளறும் இடத்தில் மட்டும் நான் பூரண சுகதேகி.

எனக்குக் கதைக்கப் பழக்க வந்த பெண் பிள்ளை சிங்களப் பிள்ளை, தங்கமானவள். படங்களைக் காட்டுவாள். அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்ல வராது. ஒரு வாழைப்பழத்தின் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் அனுதாபத்தோடு பார்த்திருந்தோம். வீட்டுக்கு விடும்போது டொக்டர் மூலமாக அக்காவுக்கு ஒரே ஒரு விடயம் சொன்னாள். அவர் சொல்லும்வரை காத்திருங்கள், அவருக்காக நீங்கள் சொல்லாதீர்கள். அக்கா பணிவாகத் தலையாட்டினார். முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சரியான விடை சொன்ன ஒருவர் அப்படித் தலையாட்டினால் நம்பக்கூடாது.

வீட்டில் எல்லா வேலையையும் அவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். அக்கா சமைத்தார். நானா தண்ணீர் விட்டார், மேயரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். நான் கதிரையில் இருந்து பார்த்தேன். நான் "த..." என்று தொடங்கினால் போதும்.

"தண்ணியோ? தலையிடியோ? தலாணியோ?"

ஏலம் விடுவதுபோல இருக்கும். மூன்றில் ஒன்றுக்குத் தலையாட்டிவிடுவேன். களைப்பு அப்படி. பலநாள் வேண்டாத தலையணையோடு இருந்திருக்கிறேன். பிறகு யோசித்தபோதுதான் விளங்கியது, எங்கள் ஒழுங்கை வழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வாய் உள்ளவர் வாய் இல்லாதவருக்காகக் கதைப்பார். இத்தனை வருடம் நான் வாயாக இருந்தபோது அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி ரெலிபோன் எடுத்தாள். ரிசீவரை அக்காதான் பிடித்திருந்தார்.

"ஓம் பிள்ளை, அவருக்குச் சம்மதந்தான். நீர் ஸ்பொன்சர் அலுவலைப் பாரும். இஞ்ச வாய் திறக்க ஏலாத ஒரு தமிழ் ஆம்பிளை எப்பிடி ரோட்டால போறது? பயத்தில நாங்கள்தான் சாகிறம்."

என்னை ஒருவரும் கேட்கவில்லை. வீட்டை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுப்பதென்றும், மேயரை வத்தளையில் அக்காவின் மருமகள் வீட்டில் விடுவதென்றும் அங்கேயே தீர்ந்துவிட்டது. நானா மட்டும் பின்வளவைப் பார்த்து, "எண்ட ரம்பையை நான் எங்க கொண்டு போற?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு தன்னையே அதட்டினார். "மனிசன்ட உசிரு பெரிசு. ரம்பை என்ன ரம்பை."

மாட்டேன் என்று சொல்ல எழுந்தேன். இடக்கையால் மேசையில் அடித்தேன். அந்தச் சொல் தொண்டைக்குப் பின்னால் நின்றது. வாயைத் திறந்தால், "ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

நிறுத்த முடியவில்லை. என் ஆத்திரம் முழுவதையும் எண்ணித் தீர்த்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ், பத்து வரைக்கும் செல்லிட்டார்!" என்றார் நானா.

"பிள்ளை, கேட்டனீரோ? எண்ணுறார்!" என்று அக்கா ரிசீவருக்குள் கத்தினார். அந்தப் பக்கத்தில் தங்கச்சி ஆனந்தத்தில் அழுதாள். என்னுடைய கிளர்ச்சிக்கு இவ்வளவு பாராட்டு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை நான் வேலைநிறுத்தம் தொடங்கினேன். அக்கா எந்தச் சொல்லை எடுத்துத் தந்தாலும், சரியான சொல்லாகவே இருந்தாலும், இல்லை என்று தலையாட்டுவது.

"பிளேன்ரீயோ?" இல்லை. "பாலோ?" இல்லை. "வயித்துக்க ஏதும் செய்யுதோ?" இல்லை.

"அப்ப என்னதான் வேணும்? விசரோ உமக்கு?"

எனக்கு வேண்டியது பிளேன்ரீதான். அது கைக்கெட்டும் தூரத்தில் ஆறிக்கொண்டிருந்தது. நான் இல்லை என்றேன். வெயில் மதிலைத் தாண்டி விறாந்தைக்கு வந்தது. அக்கா அழும் நிலைக்கு வந்துவிட்டார். நானா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், கொஞ்சம் வாயை மூடிட்டு இரிங்க. இவருக்காக நாங்க செல்லக்கூடாதாம்."

மூவரும் இருந்தோம். கடற்கரைப் பக்கம் ஒரு ரயில் போனது. இன்னொன்று போனது. அக்காவின் உதடுகள் தாமாகவே அசைந்தன. ஒரு சொல்லைத் தொண்டைக்குள் அடக்கி வைத்திருக்க அவரும் என்னைப் போலவே பாடுபட்டார். கடைசியில் நானே கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். அப்போது, ஒரு முயற்சியும் இல்லாமல், வந்துவிட்டது.

"சீனி... காணாது."

அக்கா என் தலையைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் சீனி போடவில்லை. "அது மாட்டன். டொக்டர் வேண்டாம் எண்டவர்." திரும்பி வந்த முதல் வசனம் ஒரு முறைப்பாடு, அதுவும் தள்ளுபடியான முறைப்பாடு. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மூளையில் என்ன செத்திருந்தாலும் குணம் சாகவில்லை.

அதன் பிறகு என் வைத்தியர் ஹமீத் நானாதான். குழாயை என் இடக்கையில் தந்துவிட்டு, பைப்பைத் திறக்காமல் கையில் பிடித்திருப்பார். செடியின் பெயரை நான் சொன்னால்தான் தண்ணீர். ரம்பை கெதியாக வந்தது. மிளகாய்க்கு ஒரு கிழமை. கறிவேப்பிலை சொல்லுவதற்குள் அதன் இலைகள் என் கண்முன்னே சோர்ந்தன.

"செல்லுங்க தம்பி. எனக்கு அவசரம் இல்ல. செடிக்குத்தான் அவசரம்."

சொற்களை நீங்கள் தேடிப் போகாதீர்கள் என்பதுதான் நான் கண்டது. கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஈரத்துணி பிழிவது, வெங்காயம் உரிப்பது, நாயின் காதில் உண்ணி பார்ப்பது. கை அலுவலாக இருக்கும்போது சொல் தன்பாட்டில் வந்து பக்கத்தில் நிற்கும். நிமிர்ந்து பார்த்தால் ஓடிவிடும்.

ஸ்பொன்சர் அலுவல் சரிவந்துவிட்டது என்று தங்கச்சி ரெலிபோன் எடுத்தபோது அப்படித்தான் ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நானே எழுந்துபோய் ரிசீவரை எடுத்தேன். அக்கா வழக்கப்படி கையை நீட்டினார். நானா அவர் முன்னால் வெங்காயச் சுளகை வைத்து, "இதை முடிங்க டீச்சர்" என்றார்.

"அண்ணா? நீங்களோ? ரிக்கற் போடட்டோ? அண்ணா, கேக்குதோ?"

கேட்டது. சொல் தொண்டைக்குப் பின்னால் நின்றது. இந்தத் தடவை நான் அதைத் தள்ளவில்லை. தங்கச்சியின் மூச்சு அங்கே ஏறி இறங்கியது. வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"வர... மாட்டன்."

"என்ன? வரமாட்டியளோ? ஏன் அண்ணா?"

ஏன் என்பது நீளமான கதை. அதிலிருந்து என்னால் தூக்கக்கூடிய ஒரு சொல்லை எடுத்தேன்.

"தோட்டம்."

"தோட்டமோ? நாலு பெயின்ற் வாளியையோ சொல்லுறியள்?"

"ஓம்."

அவள் அழுதாள். பிறகு கோபம் வந்தது. "உங்களோட கதைக்க ஏலாது. அக்காட்டக் குடுங்கோ."

"இல்லை," என்றேன். "என்னோட... கதை."

அவள் கதைத்தாள். அங்கே பனி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இங்கே நடப்பதைச் செய்தியில் பார்த்து நித்திரை இல்லாமல் கிடப்பது. நான் இடையிடையே ஒரு சொல் வைத்தேன். அவள் காத்திருக்கப் பழகினாள்.

என் வலக்கை இப்போது எங்கள் ஒழுங்கை லொட்ஜில் வீசாவுக்காகத் தங்கியிருப்பவர்களைப் போன்றது. இங்கேதான் இருக்கிறது, நினைப்பு வேறு நாட்டில். அதை நான் அவசரப்படுத்துவதில்லை. நேரமும் முந்தியதைப் போல் ஓடுவதில்லை. ஒரு வசனத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரமும் என்னுடையது. சாவடியில் கேட்டாலும் அப்படித்தான். மனப்பாடமாக வரும் அந்தச் சிங்களத்தை அடக்கி நிறுத்திவிட்டு, சொந்தமாக ஒன்று செய்து சொல்லுகிறேன். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.

அன்று தங்கச்சியின் ரெலிபோன் கார்ட் முடிந்து லைன் அறுந்தபோது, நான் ஒரு வசனத்தின் நடுவில் இருந்தேன். அக்கா, "கட் ஆயிட்டுது தம்பி, வையும்" என்றார். நான் வைக்கவில்லை. மிச்சச் சொற்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, வசனத்தை முடித்துவிட்டுத்தான் வைத்தேன்.