மடியில் நான்கு கண்ணாடிச் சில்லுகளோடு மைசூருக்கு

போன ஆவணியில் நான் மைசூர் போனது அரண்மனை பார்ப்பதற்காக அல்ல. என் மனைவி தேன்மொழிக்குப் பதிலாக. அவள் சத்தியமங்கலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். பிரசவத்துக்காகக் கர்நாடகத்தின் ஹனூரில் உள்ள தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போது குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மைசூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய மாதிரிகளை அளந்து பார்க்கப் பல வாரம் காத்திருந்து கிடைத்த நாள். தவறவிட மனம் வரவில்லை.

மாதிரிகள் என்றால் நான்கு கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்கே தெரியாத துத்தநாக ஆக்சைடு படலம் இருக்கிறது. ஒன்றில் எதுவும் கலக்கவில்லை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று சதவீதம் அலுமினியம். பாடப்புத்தகத்தில் இதற்கு மாசூட்டல் என்று பெயர். (பெயர்தான் அப்படி, இந்த மாசு நல்லது செய்கிறது.) அளவாகக் கலந்தால் படலம் கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்கும், மின்சாரமும் நன்றாகக் கடத்தும். இரண்டு சதவீதம்தான் உச்சம், அதைத் தாண்டினால் கெட்டுவிடும் என்பது தேன்மொழியின் கட்டுரை. மின்சாரம் கடத்தும் எலக்ட்ரான்கள் எவ்வளவு என்று அளந்து காட்டுங்கள் என்று ஆய்விதழ்க்காரர்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

குழந்தை பிறந்ததிலிருந்து அவள் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். சில நேரம் காரணமில்லாமல் கண் கலங்கும். சில்லுகள் வைத்த பெட்டியைத் தரும்போதும், "மேல கை படாமப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஹனூரில் காலை ஆறரைக்குப் பஸ். கொள்ளேகால் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே மாறினால் தி. நரசீபுரா வழியாக மைசூர் இன்னும் அறுபத்தைந்து. இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து நூற்றைம்பதுக்குள் முடிந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன். பக்கத்து இருக்கை அம்மா கவனித்துக்கொண்டே வந்தார்.

"மடியில என்னங்க, முட்டைங்களா?"

"கண்ணாடிங்க. சம்சாரத்தோட படிப்புக்கு."

"அப்ப சன்னலோரம் வாங்க. இங்க நிக்கறவங்க இடிப்பாங்க" என்று எழுந்து இடம் மாற்றிக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் கருவியைப் பார்த்துக்கொண்டவர் ஷைலஜா. ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த தமிழ்க் குடும்பம், பேச்சில் கன்னடமும் கலக்கும். சில்லுகளை ஒவ்வொன்றாகக் காந்தங்களுக்கு நடுவே வைத்து அளந்தார். முதல் மூன்றும் தேன்மொழி சொன்ன வரிசையிலேயே வந்தன. நான்காவதுக்குத் திரையைப் பார்த்துப் புருவம் சுருக்கினார்.

"ஸ்வல்ப இருங்க சார். இன்னொரு வாட்டி பாக்கறேன்."

மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் அதே விடை. மூன்று சதவீதம் கெடவில்லை. இரண்டைவிட நன்றாகக் கடத்தியது.

"மேடம் அங்க அளந்தப்போ கம்பி காண்டாக்ட் சரியா ஒட்டாம இருந்திருக்கும். இதுதான் சரி சார். மேடம்கிட்ட நீங்களே சொல்லிடறீங்களா?" என்று அளவுகள் அச்சிட்ட தாளை நீட்டினார்.

அவள் கட்டுரை விழுந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. அங்கிருந்து பேசத் தைரியம் வரவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட் இருக்கும் தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட் வாசலில் காபியை வாங்கிக் கையிலேயே ஆறவிட்டேன். மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"என்னாச்சுங்க?"

"தேனு, மூணுதான் நல்லா இருக்குதாம். ரெண்டு இல்ல. மூணு தடவ பாத்துட்டாங்க."

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவு வந்துச்சு? அந்தத் தாளப் படிங்க."

படித்தேன். பத்தின் அடுக்குகளில் தடுமாறினேன், திருத்தினாள்.

"அப்ப நாந்தான் தப்பா அளந்திருக்கறேன். ஏனுங்க, அப்படீன்னா உச்சம் மூணுல இருக்குதா, அதுக்கும் மேலயான்னே தெரியாதே? நாலு, அஞ்சு போட்டுப் பாக்கோணும். சூட்டையும் கொஞ்சம் மாத்தோணும்…"

மூச்சு விடாமல் பேசினாள். பாதி எனக்குப் புரியவில்லை. சந்தையின் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். குழந்தை பிறந்ததிலிருந்து காணாமல் போயிருந்த தேன்மொழி திரும்பி வந்திருந்தாள். அழுகை எனக்குத்தான் வந்தது.

"கேக்கறீங்களா?"

"கேக்கறேன், சொல்லு."

கொள்ளேகால் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள்.

இப்படி மாதிரி எடுத்துப் போகிறவர்களுக்கு: மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி வையுங்கள், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போடுங்கள். கொள்ளேகாலில் நிற்கும் முதல் பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறாதீர்கள், அடுத்ததில் இடம் கிடைக்கும். ஆய்வுக்கூடத்துக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். விடை எப்படி வந்தாலும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

நான்கு சதவீதப் படலம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதைத் தேன்மொழியே மைசூருக்கு எடுத்துப் போகிறாள். அன்றைக்குப் பாப்பா என்னோடு இருப்பாள்.