கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால் ஈரமண்

கோபிப் பாலையோரத்துச் சிற்றூர் ஒன்றில் இருபது வருஷமாக மின்சார வேலை பார்ப்பவள் நோர்ஜ்மா. அந்த ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. இரண்டாம் வகுப்பில், அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாயில் கையுறை காயப்போடும் பிள்ளைகளுக்குச் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதாம்.

டெஸ்டரை வைத்ததும் அதன் விளக்கு எரிந்தது. குழாய் போகும் வழியிலேயே நாலு அறை தாண்டிக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். பதினைந்து கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே எர்த் கம்பி. அதை எவனோ சூட்டுக்குழாயில் முறுக்கிவிட்டிருந்தான். மண்ணுக்குள் இறங்கும் குழாயைப் போன கோடையில்தான் பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தார்கள். இறங்க வழியில்லாத கசிவு மின்சாரம் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

நோர்ஜ்மா கம்ப்யூட்டர் அறையின் மெயினை அணைத்தாள். தலைமையாசிரியர் கொம்போசுரேன் ஓடிவந்தார்.

"என்னக்கா இது! வெள்ளிக்கிழமை புள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர்ல போட்டி இருக்கு. லேசாத்தானே சுருக்குங்குது?"

"இன்னிக்கு லேசு, வாத்தியாரே. ஒரு கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள பழுதாச்சுன்னா, கையுறை காயப்போடுற புள்ளை என்ன ஆகும்?"



புதிதாக எர்த் கம்பி இறக்க வேண்டும். சுவரோரம் கடப்பாரை போட்டால் எகிறியது. நிலம் உறைந்து பாறையாகிக் கிடந்தது. உறைந்த மண்ணில் மின்சாரமும் சரியாக இறங்காது. பள்ளிக்கூடத்தை ஒரு சுற்று வந்தாள். கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால், சுடுதண்ணீர் வடியும் இடத்தில் மட்டும் பனியில்லை. கால் சேற்றில் புதைந்தது.

கரி தள்ளும் செரென்பில் எட்டிப்பார்த்தார். "பூமியக் குத்துறியே தங்கச்சி, கோவிச்சுக்குமே!"

"கொஞ்சம் பால் தெளிச்சுக் கேட்டுக்கோங்கண்ணே. புள்ளைங்களுக்குன்னு சொல்லுங்க."

அவர் நிஜமாகவே பால் கொண்டுவந்து தெளித்தார். அப்புறம் கடப்பாரையைப் பிடுங்கினார். "தள்ளு. நீ குத்துற வேகத்துக்கு வசந்தமே வந்துடும்!"

இரண்டு நாளில் மூன்று இரும்புக் கம்பிகளை ஆழ இறக்கி ஒன்றோடொன்று சேர்த்தார்கள். கம்ப்யூட்டர்களுக்கு அங்கிருந்து தனிக் கம்பி வந்தது. சூட்டுக்குழாய்களையும் அதே எர்த்தோடு இணைத்தாள். எர்த்தின் மின்தடை பத்து ஓமுக்குள் வந்தால் போதும் என்றிருந்தவளுக்கு மீட்டர் ஏழு காட்டியது. அவளுக்கே நம்ப முடியவில்லை, இன்னொருமுறை அளந்தாள். ஏழுதான்.

வெள்ளிக்கிழமை பதினைந்து கம்ப்யூட்டரும் ஓடின. செரென்பில் அந்த இடத்தைச் சுற்றி வேலி கட்டி, "என் எர்த்து, யாரும் மிதிக்காதீங்க" என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

கொம்போசுரேன் போனை நீட்டினார். "பக்கத்து ஊரு வாத்தியாரு பேசுறாரு, அக்கா. அங்கயும் எர்த்தைக் குழாய்லதான் கட்டிவெச்சிருக்காங்களாம்."

நோர்ஜ்மா ஒரு கையில் போனை வாங்கி, மறுகையால் கோட்டை எடுத்தாள்.