ரெபேக்கா மாமியின் வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு எழும்புகிறேன், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெபேக்கா மாமியின் மகள் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "டீச்சர், அம்மா போயிட்டா." தொண்ணூற்று மூன்று வயது, மூன்று மாதமாகப் படுக்கை. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மன்னாரில் ரெபேக்கா மாமியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களிலும் பலர் அவரைப் பெந்தகோஸ்து என்றே நினைத்திருந்தார்கள். அவர் யூதப் பெண், கொச்சியில் பிறந்தவர். படகு எஞ்சின் வேலை பழக அங்கே போன சவிரிமுத்து மாமாவைக் கட்டிக்கொண்டு தலைமன்னாரில் வந்து இறங்கியவர். அவருடைய சொந்தங்கள் எல்லோரும் இஸ்ரவேலுக்குப் புறப்பட்ட காலம் அது. "அவையள் பெரிய கப்பல் ஏறிச்சினம், நான் சின்னக் கப்பல் ஏறினன். ரெண்டும் கரைக்குத்தானே போகுது" என்பார். நான்கு பிள்ளைகளையும் தகப்பனின் கோயிலுக்கே விட்டார். வெள்ளிக்கிழமை பொழுதுபட முன் ஏற்றும் இரண்டு விளக்கையும் தன் குசினி அடுப்பையும் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடலிலிருந்து வருவதில், அவருடைய வேதப்படி செதிலும் செட்டையும் இல்லாத எதுவும் அந்தக் குசினிக்குள் நுழையாது. மன்னாரில் வாழ்க்கைப்பட்டு நண்டு வேண்டாம், இறால் வேண்டாம், கணவாய் வேண்டாம் என்றால் மாமியார் சும்மா இருப்பாரா? "எங்கட கடல் இவவுக்குக் காணாதாம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம். பிள்ளைகள் எங்கள் வீட்டில் இறால் பொரியலைத் தின்றுவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, பூனை மாதிரி வீட்டுக்குள் போவார்கள். மாமி வாசலில் நிற்பார். "கை நல்லா மணக்குது. எத்தினை இறால்?" கேட்பதோடு சரி, ஒருநாளும் அடித்ததில்லை. கடைக்குட்டி அமலன் மட்டும் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லிவிடுவான்.

இறைச்சி விஷயத்தில் அவர் நம்பியது என் வாப்பாவைத்தான். "ஆண்டவன்ர பேரைச் சொல்லி அறுத்த கோழி, எனக்கு அது காணும்" என்று, வாப்பா அறுத்துக் கொடுப்பதை மட்டுமே சமைப்பார். தொண்ணூறில் இயக்கக்காரர் எங்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது, கடற்கரைவரை கூடவே வந்தார். பல வருடங்கள் கழித்துப் புத்தளத்திலிருந்து திரும்பி வந்த முதல் கிழமை, எங்கள் வீட்டில் அறுத்த ஒரு கோழியோடு அவரிடம் போனேன். சட்டியை அடுப்பில் வைத்தவர், "உப்பு எவ்வளவு போடுறதெண்டு மறந்துபோச்சு" என்றார். எனக்கு விளங்கவில்லை. நாங்கள் இல்லாத அத்தனை காலமும் அவர் இறைச்சியே தொடவில்லையாம். "ஆர் அறுத்துத் தாறது?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது, அவருக்குக் கோபம் வந்தது. "கோழி அடிப்பிடிக்கப் போகுது. அழுறதெண்டா வெளியில போய் அழு."

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். "உங்கட கபன் மாதிரித்தான் எங்கடையும், வெறும் வெள்ளைத் துணி. நான் செத்தா நீயும் உங்கட பெண்டுகளும் கழுவி உடுத்திவிடுங்கோ. அடுத்த நாள் பொழுதுபட முன்னம் மாமாவுக்குப் பக்கத்தில வச்சுப்போடோணும். மருந்தேத்தி, பூப்போட்டு, நாள்கணக்கா வச்சுப் பாக்கிறேல்லை." சரி என்று தலையாட்டினேன். பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பார் என்று நினைத்தது என் பிழை.

அந்த வியாழக்கிழமை நான் ஓடிப்போனபோது, பிரேதத்துக்கு மருந்தேற்றும் மலர்ச்சாலைக்காரரின் வான் வாசலில் நின்றது. டொரொண்டோவிலிருந்து அமலன் போனில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன், அதுவரை அம்மாவை வைத்திருங்கள் என்று அழுகிறான். ஸ்டெல்லாவிடமிருந்து போனை வாங்கி, மாமி சொன்னதைச் சொன்னேன்.

"நாலு வருசமா முகத்தை நேரில காணேல்லை டீச்சர். நான் பாக்க வேண்டாமோ?"

"பாக்கோணும் ராசா. ஆனா அவ கேட்டது நாளைக்குப் பொழுதுபட முன்னம்."

"உங்களுக்குச் சொன்னவ எனக்கேன் சொல்லேல்லை?"

அந்தக் கேள்வி சுட்டது. எனக்கும் சூடு ஏறிவிட்டது. "உனக்குச் சொன்னா நீ மாட்டனெண்டு சொல்லுவாய். நீ ஒண்டைச் சொன்னா அதைத் தட்ட அவவால ஏலாது. அதுதான் எனக்குச் சொன்னவ."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்தாள், வான்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அமலன் கேட்டான், "ஆர் குளிப்பாட்டுறது?"

"நாங்கள்தான்."

"சுடுதண்ணி போடுங்கோ டீச்சர். பச்சைத்தண்ணி எண்டா அவவுக்குக் குளிரும்."

வானைத் திருப்பி அனுப்பினோம்.

மறுநாள் காலை எங்கள் உப்புக்குளத்து முஸ்லிம் பெண்கள் நாலு பேர் போய்க் கழுவினோம். முகத்தை நான் கழுவினேன். மாமியின் ஆட்கள் சொல்லும் வார்த்தைகள் எங்களுக்குத் தெரியாது. ஸ்டெல்லா தன் வேதாகமத்திலிருந்து சங்கீதம் ஒன்றை வாசித்தாள், நாங்கள் ஆமீன் சொன்னோம். பங்குச் சுவாமி கோயில் சேமக்காலையில் மாமாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே இடம் தந்தார். பூவும் இல்லை, பாண்ட் வாத்தியமும் இல்லை. மலர்வளையத்தோடு வந்த சனம் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தது. நாலரைக்கு மண் போட்டு முடிந்தது. வெயில் இன்னும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அமலன் வந்தான். சேமக்காலையிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தான். ஏச்சு விழும் என்ற பயத்தோடுதான் கதவைத் திறந்தேன். கதிரையைக் காட்டினேன், அவன் இருக்கவில்லை.

"எந்தக் கையால டீச்சர் முகம் கழுவினனீங்கள்?"

வலக்கையை நீட்டினேன். ஐம்பது வயதுப் பிள்ளை, அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை.

மாமியைத் தெரிந்த ஊர்க்காரர் உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதாவது ஒன்று இருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கை. அதிலும் பாதி அமலனுக்கு.