பகல் பன்னிரண்டு மணிக்குப் பொழுது சாய்ந்தது

கனகமாலா அக்கா ஒரே ஜாக்கெட்டுக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்த அன்றுதான் அவள் மனசு தையலில் இல்லை என்பதைக் கண்டுகொண்டேன். 1972, தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேரின் ஜாக்கெட் துணி அவள் மிஷினுக்குப் பக்கத்தில் மூட்டையாகக் கிடந்தது. ஆறு வருஷமாக அவள் தைத்ததை யாரும் பிரித்ததில்லை. அன்றைக்கு அவளே பிரித்தாள். பிரித்துவிட்டு, மறுபடியும் இடது கையையே எடுத்து வைத்தாள்.

"யாருக்குக்கா இது? ரெண்டும் பீச்சாங்கையா இருக்குது" என்றேன்.

வழக்கமாக இதற்கு ஒரு குட்டு விழும். விழவில்லை.

காரணம், முந்தின நாள் பேப்பரில் வந்த நாலு வரி. பிஜித் தீவுகளில் கடும் புயல். வீடுகள் நாசம். உயிர்ச்சேதம் பற்றி விவரம் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் அப்பாண்டை வாத்தியார் அந்தத் தீவில்தான் இருந்தார்.

எங்கள் வீட்டின் பின் போர்ஷனில் அவர்கள் குடியிருந்தார்கள். முன்பக்கம் எங்கள் தறி. தறி நாடாவுக்குள் போகும் தாருக்கு நூல் சுற்றுவது என் வேலை. எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்திருந்தேன். அவர்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது. கிழங்கு எந்தப் பொழுதிலும் கிடையாது. பிடுங்கினால் செடியோடு மண்ணில் இருக்கும் எத்தனையோ உயிர்களும் போகும் என்பார்கள். உருளைக்கிழங்கு போண்டாவை அக்காவின் கண்ணெதிரே ஊதி ஊதித் தின்பது என் குணம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

தாத்தா காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறிய நம்மவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் வேண்டும் என்று போன வருஷம் வாத்தியார் போனார். ஊரின் பெயர் பா. ஒரே எழுத்து. "பேர் வைக்கும்போது தூக்கம் வந்துட்டிருக்கும்" என்றேன். தை மாதம் அக்காவும் அங்கே போவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட் வந்து, டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது.

பதினைந்து நாளைக்கு ஒரு நீலக் கடிதம் வரும். அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டுவாள். சில வரிகளைத் தாண்டிப் போவாள். எது தாண்டப்பட்டது என்பதை அவள் காது சிவப்பதை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன். மற்றபடி அந்தத் தீவு முழுவதையும் நாங்கள் இரண்டு பேரும் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே சுற்றிப் பார்த்தோம். கடல் அலை அங்கே கரையில் உடையாதாம். தூரத்தில் பவழப்பாறை மேல் வெள்ளைக் கோடாக உடைந்துவிட்டு, கரைக்கு வரும்போது ஏரித் தண்ணீர் மாதிரி அடங்கி வருமாம். தாழை ஓலையைக் காயவைத்துக் கிழித்துப் பாய் முடைவார்களாம். எதிரில் வருகிறவர் முன்பின் தெரியாதவரானாலும் "புலா" என்று வாய்நிறையச் சொல்வார்களாம். ஒரு வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுப்பார்கள். வாங்குவதற்கு முன் ஒரு தரமும் குடித்தபின் மூன்று தரமும் கை தட்ட வேண்டுமாம். வாத்தியார் கையை மட்டும் தட்டிவிட்டுச் சிரட்டையைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுகிறாராம். போலீஸ்காரர்கள் வெள்ளைக் கைலி மாதிரி ஒன்றைக் கட்டுவார்களாம். அதன் விளிம்பு நம்மூர்ப் புடவைக் கரையின் கோபுர ரேக்கு மாதிரி பல் பல்லாக இருக்குமாம். அதைக் கேட்டபிறகுதான் அந்த ஊர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. நம்மூர் மைனாவும் கீரியும்கூட எப்போதோ கப்பலேறிப் போய் அங்கே குடித்தனம் நடத்துகின்றன.

எனக்கு மரியாதை ரொம்ப நாள் தங்காது. ஒருநாள், "அங்க முன்னாடி மனுஷன மனுஷன் தின்னுக்கினு இருந்தாங்களாம்க்கா, லைப்ரரி புக்குல போட்டிருக்குது" என்றேன். அக்கா இரண்டு நாள் மிஷினைத் தொடவில்லை. மூன்றாம் நாள், அது நூறு வருஷத்துக்கு முந்தின கதை என்ற வரியை மறைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். குட்டு பலமாக விழுந்தது.

அடுத்தது சூரியன் விஷயம். பழைய பூகோளப் புத்தகத்தை வைத்து, ஒரு விளாம்பழத்தைச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டேன். அந்த ஊர் நம்மைவிட ஆறரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இங்கே பகல் பன்னிரண்டு அடிக்கும்போது அங்கே மாலை ஆறரை.

"வாத்தியாரண்ணனுக்குப் பொழுது சாஞ்சப்புறம்தான் நீங்க இங்க மதியச் சோத்துல உக்கார்றீங்க. அவர் கணக்குல நீங்க ராத்திரி சாப்பிடற ஆளு!" என்றேன்.

அக்கா அப்போது சிரித்தாள். விளையாட்டு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

புயல் செய்தி வந்த மறுநாள் பத்தரை மணிக்கே அவள் சாப்பிட உட்கார்ந்தாள். முனிசிபாலிட்டி சங்கு பன்னிரண்டுக்கு ஊதும்போது தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அதற்குப் பிறகு மறுநாள் விடியும்வரை ஒன்றுமில்லை. அடுத்த நாளும் அப்படியே. நாலாம் நாள் கேட்டுவிட்டேன்.

"அங்க இருட்டிடுச்சிடி" என்றாள், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே. "அவர் சாப்பிட்டாரா இல்லையான்னு தெரியல. இருட்டுல அவர் எங்கியோ உக்காந்துக்கினு இருக்க, நான் மட்டும் சாப்பிடறதா? சேதி வர்ற வரைக்கும் இப்படித்தான்."

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா."

"கணக்கு சரிதான?"

கணக்கு சரிதான். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் சரியாக வராத கணக்கு, அன்றைக்குப் பார்த்துச் சரியாக வந்து தொலைந்தது.

தந்தி கொடுத்தோம். பதில் இல்லை. அங்கே கம்பி அறுந்திருக்கும் என்றார்கள். தீபாவளி போனது. மகாவீரர் முக்தியடைந்த நாள் என்று அக்கா ஒரு விளக்கை ஏற்றிவைத்து அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாடிக்கைக்காரர்கள் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஊசி விரல் நகத்தோடு இறங்கியது. அவள் கத்தவில்லை. மிஷின் சக்கரத்தைப் பின்னால் திருப்பி விரலை எடுத்துக்கொண்டு, துணியில் ரத்தம் பட்டதா என்று பார்த்தாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் போண்டா தின்பதை விட்டுவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அவளுடைய அண்ணன் குந்துநாதன் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"பாஸ்போர்ட்டக் குடு கனகா. அவர் நல்லா இருந்தா அவரே திரும்பி வரட்டும். நீ போகத் தேவையில்ல. மண்ணுக்குக் கீழ இருக்கறதத் தோண்டித் தோண்டித் தின்ற ஊராம் அது."

"சேதி வரட்டும்ணா."

"வர்ற ஞாயித்துக்கெழம வருவேன். எடுத்து வை."

அவர் போனபின் அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள். அன்றைக்கு மட்டும் ஆறு தடவை திறந்தாள். எண்ணியிருக்கக் கூடாது. எண்ணிவிட்டேன்.

அவளைச் சாப்பிட வைக்க எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏமாற்றுவதுதான். கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம். சங்கு காட்டிக் கொடுத்துவிடும். வேறு வழியில்லாமல் பூகோளப் புத்தகத்தைத் திரும்பத் திறந்தேன். பரீட்சைக்குக்கூட அவ்வளவு படித்ததில்லை. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ். நமக்கு மழைக்காலம் முடிந்து பனி வரும்போது அவர்களுக்குக் கோடை. பகல் நீண்டுகொண்டே போகும்.

"அக்கா! அங்க இப்ப கோடை வருது. பொழுது தள்ளிப் போவுது. இன்னும் கொஞ்ச நேரம் சாப்பிடலாம்!"

"போடி. இதுவும் உன் புருடாவா?"

"அம்மா சத்தியமா. புக்கப் பாருங்க."

புத்தகத்தை வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டாள். வாத்தியார் பெண்டாட்டி அல்லவா?

"கால் மணி" என்றாள்.

"இருபது நிமிஷம்க்கா. இன்னும் கொஞ்சம் பாருங்க."

"கால் மணி."

மறுநாள் சங்கு ஊதியபிறகும் அவள் கையில் மோர்ச்சோறு இருந்தது. பன்னிரண்டே காலுக்குக் கை கழுவினாள். பிஜித் தீவின் கோடைகாலத்தைத் தெருக்கோடிவரை ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம் போல் இருந்தது எனக்கு.

தினமும் தபால்காரர் அந்தோணி அண்ணன் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பேன். அவருக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது. அவர் பேருக்கே ஒரு கவர் எழுதிப் போட்டு, அவரையே அவருக்குப் பட்டுவாடா செய்ய வைத்தவள் நான். உள்ளே ஒரு காய்ந்த வேப்பிலை. அதனால் கார்த்திகை பிறந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பை முழுக்கத் தேடி நீலக் கடிதத்தை வெளியே எடுத்தவர், நான் கையை நீட்டியதும் முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டார்.

"உங்கிட்ட குடுக்கமாட்டேன்மா. கனகாம்மாவ வரச் சொல்லு."

"அண்ணே, குடுங்கண்ணே!"

"இன்னாத்துக்கு அழுவுற? கூப்பிடு அவங்கள."

நான் அழுததாக எனக்கு நினைவில்லை. அக்கா அதற்குள் வந்துவிட்டாள். கடிதத்தின் ஒரு மூலை நனைந்து மை ஊறியிருந்தது. எழுத்து வாத்தியாருடையது. அதைப் பார்த்ததும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை ஒரு வரியையும் தாண்டாமல் படித்தாள்.

'ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை கரும்புத் தோட்டத்தில் கிடக்கிறது. மேட்டில் இருந்த ஒரு சிமெண்டுக் கட்டடத்தில் நாற்பது பேர் ஒதுங்கியிருந்தோம். இரண்டாம் நாள் இருட்டியபிறகு, மலைப்பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்தார். தலையில் தென்னோலைக் கூடை. அதில் சுட்ட மரவள்ளிக்கிழங்கு. இங்கே விருந்தாளி வாய் வைக்காமல் வீட்டார் தொடமாட்டார்கள். அங்கே இருந்தவர்களில் நான்தான் வெளியூர்க்காரன். அவர் பிள்ளைகள் இரண்டு நாள் பட்டினி. அத்தனை கண்களும் என் வாயையே பார்த்தன. சாப்பிட்டேன். இருட்டில், கிழங்கு. இதை மறைத்திருக்கலாம். நீ வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று எழுதுகிறேன். இங்கே நிலத்துக்கு மேல் இருந்ததெல்லாம் போய்விட்டது. அடியில் இருந்ததுதான் மிச்சம். அடுத்த விளைச்சல்வரை எல்லோருக்கும் கிழங்குதான். உனக்கு மனம் ஒப்பாவிட்டால் வரவேண்டாம். வருத்தப்படமாட்டேன்.'

அந்த 'வருத்தப்படமாட்டேன்' வரும்போது அவள் காது சிவந்தது.

கடிதத்தை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள். அவள் அழுவாளா, கோபப்படுவாளா, பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து அண்ணனுக்கு வைப்பாளா என்று தெரியாமல் நான் நின்றேன்.

"மணி இன்னாடி?"

"ஒண்ணேகால்க்கா."

உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வட்டிலில் காலைச் சோற்றைப் போட்டு, மோர்கூட ஊற்றாமல், நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு, "கடைத்தெருவுல மரவள்ளி கெடைக்குமா?" என்றாள். வாங்கி வந்தேன். அவள் அடுப்பில் அதை ஏற்ற முடியாது என்பதால் எங்கள் அடுப்பில் வைத்தோம். தோலை எப்படி உரிப்பது என்று தூர நின்று பார்த்தாள். பிறகு கிட்டே வந்தாள். ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கி, எடை பார்ப்பது போல் பிடித்திருந்துவிட்டுப் பானையில் போட்டாள்.

"நீங்களும் தின்னப் போறீங்களா?"

"நான் தின்னமாட்டேன். எனக்குக் கீரை கெடைக்காமயா போயிடும்? அவருக்கு யாரு வேகவச்சுத் தருவா?" பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "வெந்துடுச்சின்னு எப்படித் தெரியும்?"

"தின்னு பாக்கணும்."

"அப்ப தின்னு."

தின்றேன். நாக்கு வெந்துபோனது. மாவாக இருந்தது, உப்பு மட்டும் இல்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் குந்துநாதனின் சைக்கிள் மணி கேட்டது.

"கனகா, எடுத்து வச்சிட்டியா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லுடி. உப்பு எப்ப போடணும்?"