ஆணியில் தொங்கிய பேட்ஜ்

என் கணவர் இந்தத் தீவில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று படம் பிடித்துப் பார்ப்பவர். கேமரா என்று பெயர்தான். உள்ளே இருப்பது கதிர் வீசும் ஒரு துண்டு. பதினாறு வருடம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படும், ஒன்றும் செய்யாது என்றார்கள். நானும் நம்பினேன், மடச்சி.

உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அறியச் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மெயின்லேண்டுக்கு அனுப்பி அளப்பார்கள். கூட வேலை செய்த ஒருவருக்கு அளவு கூடிப்போக, கையோடு வேலையை நிறுத்தி ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அதிலிருந்து மற்றவர்கள் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டார்கள்: பேட்ஜை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது. மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் அது தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறாமல் நான்தான் துடைத்து வைப்பேன். பிறகு அவர் தம்பியும் அதே வேலைக்கு வந்து எங்களோடு தங்கினான். ஆணியில் இரண்டு பேட்ஜ் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டில் பூஜ்யம் வரும். பரீட்சையில் பாஸான மாதிரி இருவரும் சிரிப்பார்கள்.

போன வருடம் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வேலையால் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். வருடக்கணக்கில் சிறிது சிறிதாகப் பட்டாலும் ஆபத்து கூடும்தான், ஆனால் எவ்வளவு பட்டது என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். அக்கம்பக்கத்தில் குடித்துக் கெட்டார் என்று பேசினார்கள். அவர் வெற்றிலைகூடப் போட்டதில்லை. வேலைதான் காரணம் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட வேண்டுமென்று எனக்கு வெறியே பிடித்தது. கம்பெனிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டேன்.

கடைசியில் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். இங்கேயே வளர்ந்து இந்தி கலந்து பேசும் தமிழர். ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "காகஜ்ல எல்லாம் ஜீரோதானே இருக்கு, பாபி" என்றார், என்னை அண்ணியாக்கி.

அது என் சமையலறையில் பட்ட அளவு, இவர் உடம்பில் பட்டது அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். படுத்திருந்தவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது சாப். நான் ரோஜ், ஒரு நாள் விடாம, போட்டுட்டுத்தான் போனேன்."

அதிகாரி எழுதக் குனிந்ததும் இவர் என் காதருகே, "தம்பிக்கும் வேலை போயிடும். சும்மா இரு" என்றார்.

படுத்துக் கிடந்த அந்த மனுஷனை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. தம்பி அப்போது வேலையில் இருந்தான். அவன் பேட்ஜ் உள்ளே ஆணியில் இருந்தது.

நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று எழுதி முடித்த அதிகாரி, சாட்சிக் கையெழுத்துக்காகப் பேப்பரை என்னிடம் நீட்டினார். போட்டேன்.